பெயர் வெட்டிய தூக்குவாளி

ஜனவரி 3

எங்கள் நான்கு பேரையும் பிரித்தவன் கதிரேசன்.

சுற்றிவளைக்காமல் எழுதிவிட்டேன். இந்த வருடம் இந்த நோட்டில் உண்மையை மட்டும் எழுதுவதென்று முடிவு.

நான், கதிரேசன், ஹனீபா, சூசைமாணிக்கம். ஒரே கல்லூரி, ஒரே பெஞ்சு. படிப்பு முடிந்த வருடம் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஆண்டுக்கு நான்கு விருந்து. தையில் கதிரேசன், சித்திரையில் ஹனீபா, ஆடியில் நான், கிறிஸ்துமஸுக்கு சூசை. யார் முறையோ, சாப்பாடு அவன் பொறுப்பு.

ஒயின் மட்டும் பொது. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்துவிட்டுக் கடையில் ஒயின் வாங்கினால் அசிங்கம். நவம்பரில் பன்னீர் திராட்சையை நான்கு பேரும் கையால் பிசைந்து, சர்க்கரையும் கிராம்பும் ஒரு பிடி கோதுமையும் சேர்த்து, சூசை வீட்டுக் கொட்டகையில் பீங்கான் ஜாடியில் ஊறவைப்போம். இருபத்தொரு நாள் முறை வைத்துக் கிளறுவோம். வடித்தால் நான்கு பாட்டில் தேறும். ஆளுக்கொன்று, அவனவன் விருந்தில் அவனவன் பாட்டில். ஹனீபா குடிக்க மாட்டான், அதே பழத்தின் சாறுதான் அவனுக்கு. "போலீஸ் வந்தா நீங்க மூணு பேரும் உள்ள. நான் ஜூஸ் பார்ட்டி" என்பான். அவன் பாட்டிலும் என்னிடம்தான் இருக்கும்.

முதல் இரண்டு கிறிஸ்துமஸுக்கும் சூசையின் விருந்து சர்ச் மண்டபத்தில் நடந்தது. சமையல்காரர் வெளியூரிலிருந்து வந்தார். இந்த முறை சூசை காலனியில் தளம் போட்டு வீடு கட்டிவிட்டான். அவன் அம்மா புஷ்பம் சமைத்தார். கதிரேசன் வரவில்லை. காரணம் என்னவென்று ஊரில் யாரையும் கேட்கத் தேவையில்லை. மேலத்தெருக்காரன் காலனி வீட்டில் கை நனைக்க மாட்டான்.

நானும் அதே மேலத்தெருதான். ஆனால் நான் போனேன். மூன்று மணி நேரம் இருந்தேன். வயிறு சரியில்லாததால் சாப்பிட முடியவில்லை, அது வேறு விஷயம். புஷ்பம் அம்மா தூக்குவாளியில் போட்டுக் கொடுத்தார். போனேன் என்பதுதான் கணக்கு.

ஜனவரி 4

நான் வேலை பார்க்கும் திராட்சை ஷெட்டில் இன்று இரண்டு லோடு. சூசைக்கு போன் செய்தேன். அடித்து நின்றது.

ஜனவரி 17

கறிநாள். கதிரேசன் வீட்டு விருந்து. வெள்ளாட்டுக் குழம்பு, பச்சை மொச்சை போட்ட புளிக்குழம்பு, முதல் நாள் பொங்கலை நெய்யில் புரட்டியது. பாட்டிலைத் திறந்ததும் கிராம்பு வாசனை வீடு முழுக்க அடித்தது. நான்காவது டம்ளர் கவிழ்த்தபடியே இருந்தது.

"சூசை எங்கடா?"

"கூப்ட்டேன் மாப்ள. இந்தத் தடவை வேணாம்னுட்டான்" என்றான் கதிரேசன்.

"நீ அவன் வீட்டுக்குப் போயிருந்தா அவன் இங்க வந்திருப்பான்."

"நான் நேராப் போயி சொல்லிட்டேன்டா. பொண்ணு வீட்ல விசாரிச்சிட்டு இருக்காங்க, இந்த நேரத்துல ஒன் வீட்ல சாப்ட்டது தெரிஞ்சா எங்கப்பா என்னய வீட்ட விட்டு வெரட்டிருவாரு, எனக்கு அந்தத் தைரியம் இல்ல, மன்னிச்சுக்கடான்னு சொன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"சரிடான்னான். டீ வாங்கிக் குடுத்தான்."

கோழைத்தனத்தை நேரில் போய்ச் சொன்னால் அது நேர்மை ஆகிவிடுமா? இதை அவன் முகத்துக்கு நேராகவே கேட்டேன். அவன் குழம்புச் சட்டியைக் கிண்டினான். ஹனீபா என் தட்டைப் பார்த்தான்.

"செழியா, ஒன் வயித்துப் புண்ணு எப்டி இருக்கு?"

"பரவால்ல."

"நாலாவது கரண்டி காரக்குழம்பு போகுது. நல்லாவே ஆறிருச்சுபோல. கிறிஸ்துமஸ் அன்னைக்குக்கூட ரெண்டு டம்ளர் ஒயின் எறங்குச்சு, சோறுதான் எறங்கல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஹனீபாவுக்கு எதிலும் கிண்டல்.

பிப்ரவரி 11

ஷெட்டில் இருபது பெண்கள் நாள் முழுக்க நின்றபடி கத்தரிக்கோலால் அழுகல் பழத்தை வெட்டுகிறார்கள். தண்ணீர் குடிக்க ஒரு டம்ளர் கிடையாது. குழாயில் கை வைத்துத்தான் குடிக்க வேண்டும். முதலாளியின் மேசை மேல் மட்டும் மண்பானையும் வெள்ளி டம்ளரும். சூப்பர்வைசர் என்ற முறையில் இன்று அவரோடு சண்டை போட்டேன். "ஒனக்கு எதுக்குப்பா இந்த வேலை" என்றார். நானே ஒரு குடமும் ஆறு டம்ளரும் வாங்கி வந்து வைத்தேன். "எல்லாரும் இதில்தான் குடிக்கிறோம், நானும்" என்று அறிவித்தேன்.

செல்லத்தாயி என்று ஓர் அக்கா. சூசையின் தெருதான். வாய்த்துடுக்கு உள்ளவள்.

"நீங்களும் இதுலயா சார்?"

"ஏன், நான் குடிக்கக் கூடாதா?"

"குடிங்க சார். தண்ணிதான."

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். கூச்சம். பழகினால் சரியாகும்.

மார்ச் 9

பஸ் ஸ்டாண்டில் சூசை. தேனியில் டிராக்டர் ஷோரூமில் மெக்கானிக் வேலை, காலை பஸ்ஸுக்கு நின்றான்.

"என்னடா போனை எடுக்க மாட்டேங்குற?"

"வேலை இருந்துச்சு."

"ரெண்டு மாசமாவா?"

பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தான்.

"கதிரேசன் பண்ணதுக்கு என்னையும் சேத்து ஒதுக்குற. நான் வந்தேன்லடா?"

"வந்த."

"அப்புறம்?"

"அம்மாவோட தூக்குவாளி ஒண்ணு ஒங்கிட்ட இருக்கு."

"வீட்லதான் இருக்கு. கொண்டாந்து தர்றேன்."

"வீட்லயா இருக்கு?"

"ஆமாடா. கழுவி வச்சிருக்கு."

"சரி, கொண்டாந்து குடு" என்றான். பஸ் வந்துவிட்டது. ஏறியபின் நான் நின்ற பக்கம் ஜன்னலோரம் இடம் இருந்தும் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தான்.

மார்ச் 12

தூக்குவாளி வீட்டில் இல்லை. எங்கே வைத்தேனென்று சரியாக நினைவில்லை.

மார்ச் 15

பாத்திரக்கடை. அதே அளவில் ஒன்று கிடைத்தது, இரண்டு லிட்டர் பிடிக்கும். மூடியில் கிண்ணம்போல் குழி இருக்கும் ரகம்.

"பேரு வெட்டணுமா தம்பி?"

எவர்சில்வர் வாங்கினால் பெயர் வெட்டாமல் யாரும் வாங்கிப் போவதில்லை. வீட்டுக்கு வீடு போகிற பாத்திரம், யாருடையது என்று தெரிய வேண்டும்.

"புஷ்பம்னு வெட்டுங்க."

"இனிஷியலு?"

தெரியவில்லை. மூன்று வருடம் அந்த அம்மாவின் கொட்டகையில் ஜாடி வைத்துக் கிளறியிருக்கிறேன். அவருடைய கணவர் பெயரும் தெரியாது, அப்பா பெயரும் தெரியாது.

"வெறும் புஷ்பம் போதும்."

"அம்மா பேரா?"

"ஆமா" என்றேன்.

பல் கூசும்படி மெஷின் கீச்சிட்டது. ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

ஏப்ரல் 20

சித்திரை விருந்து. ஹனீபா மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தான். அவனுடைய பாட்டிலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். வெயில் உச்சந்தலையைப் பிளந்தது. உள்ளே ஒரு பாய், அதில் ஒரு தட்டு.

"மத்தவங்க?"

"சூசையும் கதிரேசனும் பன்னெண்டு மணிக்கே வந்துட்டுப் போய்ட்டாங்க."

"ரெண்டு பேரும் சேந்தா?"

"சேந்துதான். ஒரே வண்டியில."

"என்னையும் அப்பவே கூப்பிட வேண்டியதுதான?"

ஹனீபா தால்ச்சாவை ஊற்றிக்கொண்டே சொன்னான். "நீ இல்லாதப்ப வர்றேன்னான் சூசை. எனக்கு ரெண்டு பேரும் வேணும். அதான் ரெண்டு பந்தி."

நெய்ச்சோறு, கறி, தால்ச்சா, மாங்காய் ஊறுகாய். ஹனீபா எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஏற்கெனவே சாப்பிட்டாகிவிட்டது. ஒருவன் பார்க்க ஒருவன் சாப்பிடுவது விருந்து இல்லை, ஆஸ்பத்திரி. பாட்டிலைத் திறக்கவில்லை. அவர்கள் ஒயின் இல்லாமலே சாப்பிட்டிருக்கிறார்கள். அது எப்படி முடிந்தது என்று தெரியவில்லை.

கதிரேசன் என்னைப் பற்றி ஏதோ சொல்லிவைத்திருக்கிறான்.

மே 6

சூசைக்கு போன் செய்யவில்லை. செய்யப்போவதும் இல்லை.

மே 7

செய்தேன்.

மே 28

தூக்குவாளியைக் கொடுக்கப் போனேன். சூசை வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் போகவில்லை. அப்படி அமைந்துவிட்டது.

புஷ்பம் அம்மா வாசற்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி" என்றார். கிறிஸ்துமஸ் அன்று "வாப்பா, உள்ள வந்து ஒக்காரு" என்றவர்.

தூக்குவாளியை நீட்டினேன். வாங்கித் திருப்பி, எழுத்துக் கூட்டிப் படித்தார். "புஷ்பம். நல்லா வெட்டிருக்கான்." உள்ளே போனார். இன்னொன்றை எடுத்துவந்து படியில் இதன் பக்கத்தில் வைத்தார். அடியில் ஒரு நசுங்கல். கழுத்தைச் சுற்றிப் பொடி எழுத்தில், 'சூசைமாணிக்கம் புதுநன்மை நினைவாக, ம. புஷ்பம்.' சூசை சின்ன வயதில் முதல்முறை நற்கருணை வாங்கிய நாளுக்காக வெட்டிய பெயர்.

"செல்லத்தாயி அன்னைக்குச் சாயந்தரமே கொண்டாந்து குடுத்துட்டா தம்பி. வாய்க்காப் பாலத்துச் செவுத்துல இருந்துச்சாம். மூடி தனியா கெடந்துச்சாம். கறி எல்லாம் எறும்பு. பேரப் பாத்துட்டு எடுத்தாந்தா."

நான் செருப்பைப் பார்த்தேன்.

"மறந்து வச்சிருப்பீகன்னு நான் சொன்னேன். சூசைதான், மறக்கலம்மான்னான்."

"அம்மா, அது என்னன்னா…"

"இது கனமா இருக்கு, நல்ல பாத்திரம். ஒங்க அம்மாவுக்குக் குடுங்க."

"அதுல ஒங்க பேரு இருக்கும்மா."

"ஆமால்ல" என்றார். குத்திக்காட்டவில்லை, உண்மையிலேயே யோசித்துவிட்டுத்தான் சொன்னார். "அப்ப ஒங்க வீட்ல வச்சுக்க முடியாதே."

முறத்தை எடுத்துக்கொண்டு மறுபடி புடைக்க ஆரம்பித்தார். புதிய தூக்குவாளியை எங்கள் தோட்டத்து மோட்டார் ரூமில் கொண்டுபோய் வைத்தேன்.

ஜூன் 1

எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 2

செல்லத்தாயி டம்ளரில் குடிப்பதில்லை. பிப்ரவரியிலிருந்தே குடிப்பதில்லையாம். இன்றுதான் கவனித்தேன். குழாயடியில் குனிந்து கையால் குடிக்கிறாள்.

ஜூன் 8

கிறிஸ்துமஸ் அன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

புஷ்பம் அம்மா எனக்கு வாழை இலை போட்டார். இட்லி, ஆட்டுக்கறிக் குழம்பு, ஈரல் வறுவல். கறியை ஹனீபாவுக்காக அவன் மாமா கடையிலேயே சொல்லி வாங்கியிருந்தார்கள். இலையில் தண்ணீர் தெளித்தேன். கை அதற்குமேல் போகவில்லை. வயிற்றுப் புண் என்றேன், டாக்டர் காரம் சேர்க்கக் கூடாது என்றார் என்றேன். சூசை ஒயின் ஊற்றினான். குடித்தேன். ஒயினைக் குடிக்க முடிந்தது. அது பழம், அது நாங்கள் பிசைந்தது என்று அப்போது தோன்றியது. "வீட்ல போயி, வயிறு ஆறுனதும் சாப்பிடுப்பா" என்று அந்த அம்மா தூக்குவாளி நிறையப் போட்டுக் கொடுத்தார்.

வாய்க்கால் பாலம் வரை எடுத்துப் போனேன். அதைத் தாண்டினால் எங்கள் தெரு. அம்மா முதலில் கேட்பது யார் வீட்டுப் பாத்திரம் என்றுதான். பெயர் கழுத்தைச் சுற்றி இருக்கிறது, மறைக்க முடியாது. நாய் ஏதாவது தின்னட்டும் என்று மூடியைத் திறந்து சுவர்மேல் வைத்தேன். மறுநாள் வந்து வெறும் பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் அது அங்கே இல்லை.

வயிறு அன்று உண்மையிலேயே சரியில்லை.

ஜூன் 9

நான் எந்த டாக்டரிடமும் போகவில்லை.

ஜூலை 27

ஆடி விருந்து, என் முறை. மூவருக்கும் செய்தி அனுப்பினேன். இடம் வழக்கம்போல் எங்கள் தோட்டத்து மோட்டார் ரூம். பந்தலுக்குக் கீழே காற்று பிய்த்துக்கொண்டு போனது. நாட்டுக்கோழி வறுத்தேன், சோளச்சோறு கிண்டினேன். நான்கு இலை நறுக்கி, பறக்காமலிருக்க நான்கிலும் கல் வைத்தேன். இரண்டு மணி ஆனது. மூன்று ஆனது.

கதிரேசன் மட்டும் வந்தான். வண்டியை விட்டு இறங்காமலே கல்யாணப் பத்திரிகையை நீட்டினான்.

"சாப்ட்டுப் போடா."

"இல்ல மாப்ள, இன்னும் பதினஞ்சு வீட்டுக்குக் குடுக்கணும்."

"நீதான எல்லாத்தையும் ஆரம்பிச்ச. நீ அன்னைக்கு வந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது."

கதிரேசன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினான். மோட்டார் ரூமை ஒரு சுற்றுப் பார்த்தான்.

"மூணு வருஷமா எங்களுக்கு இங்கதான் சோறு போடுற. ஏன்டா?"

"காத்து நல்லா வருது."

"எனக்கு ஒன் வீட்டு அடுப்படி வரைக்கும் தெரியும். ஒங்கம்மா என்னய ஒக்கார வச்சு தோசை ஊத்தும். நான் ஒங்க ஆளு. அவங்க ரெண்டு பேருக்காகத்தான்டா இந்த மோட்டார் ரூமு. நாங்க எல்லாரும் தெரிஞ்சேதான் வந்துட்டு இருந்தோம். சூசைக்கும் தெரியும்."

"அப்ப நீ யோக்கியமா?"

"நான் யோக்கியன்னு சொன்னேனா? முடியாதுன்னு அவன் மூஞ்சிக்கு நேராச் சொன்னேன். அவன் என்னய நாலு கேள்வி கேட்டான், கெட்ட வார்த்தைல திட்டுனான், அப்புறம் டீ வாங்கிக் குடுத்தான். நீ போயி ஒக்காந்து, சிரிச்சு, ஒயினக் குடிச்சு, அந்தம்மா கைல சோத்த வாங்கி செவுத்துல வச்சிட்டு வந்திருக்க. ஒன்னய அவன் எங்க ஆரம்பிச்சுத் திட்டுவான்?"

போய்விட்டான். என் பாட்டிலை நானே திறந்தேன். எட்டு மாதத்தில் புளிப்பு இறங்கி, நாக்கில் கனமாக நின்றது. இதுவரை நாங்கள் போட்டதிலேயே இதுதான் நல்ல ஒயின். சொல்ல ஆள் இல்லை. நான்கு இலையில் மூன்றை மாட்டுக்குப் போட்டேன்.

ஆகஸ்ட் 15

கோயிலில் சுதந்திர தினப் பொது விருந்து. எல்லாச் சாதியும் ஒரே பந்தியாம். ஓர் அதிகாரி வந்து நடுவில் உட்கார்ந்தார், போட்டோ எடுக்கும் வரை சாதத்தைப் பிசைந்தார், ஒரு வாய் வைத்தார், இலையை மூடினார். வெளியே ஜீப்பில் அவர் வீட்டு கேரியர் நான்கு அடுக்காக இருந்ததைக் கண்ணால் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'பந்தியில் உட்கார்ந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போகிறவன், பந்திக்கே வராதவனைவிட…'

மூன்றாவது வரியில் நிறுத்திவிட்டேன்.

செப்டம்பர் 4

கதிரேசன் கல்யாணம். சூசை வந்திருந்தான், நீலச் சட்டை. மேடையில் மாப்பிள்ளையின் தோளில் கை போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டான். சாப்பாட்டுப் பந்தியில் அவனுக்கும் எனக்கும் நடுவே ஏழு இலை. பாயசத்தை அவன் அப்பளம் நொறுக்கிப் போட்டுச் சாப்பிடுவான். இன்றும் அப்படித்தான் சாப்பிட்டான்.

அக்டோபர் 12

ஐப்பசிக்கு முன்பே மழை பிடித்துவிட்டது. அந்தத் தூக்குவாளியை மோட்டார் ரூமிலிருந்து வீட்டுக்கு எடுத்துவந்து அடுப்படியில் வைத்தேன்.

"யாருடா புஷ்பம்?" அம்மாவின் முதல் கேள்வி.

"சூசையோட அம்மா. சூசையை நம்ம வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடப்போறேன்."

அப்பா பேப்பரை மடித்தார். இளம்வயதில் ஊர் ஊராகப் போய் மேடைப் பேச்சுக் கேட்டவர், எனக்கு இளஞ்செழியன் என்று பெயர் வைத்தவர். "தாராளமாக் கூப்டு. எனக்கு அந்த மாதிரி எல்லாம் கெடையாது. ஒங்கம்மாவத்தான் கேட்டுக்கணும்."

"எனக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்றாள் அம்மா. "ஒங்க அத்தை கேட்டா என்ன சொல்றது?"

அத்தைக்கு போன் போட்டுக் கேட்டேன். "நான் எதுக்குப்பா குறுக்க நிக்கிறேன்? தெருவுல நாலு பேரு பேசுவாங்க, பாத்துக்க" என்றார்.

எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் கிடையாது. எப்போதும் அடுத்த ஆளுக்குத்தான் உண்டு. ஜனவரி 3 அன்று எழுதிய முதல் வரியைத் திருப்பிப் பார்த்தேன். அடிக்கவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

சாயந்தரம் பார்த்தால் தூக்குவாளி கொல்லையில், துவைக்கிற கல்லின் மேல் மழையில் நனைந்துகொண்டிருந்தது.

நவம்பர் 3

மதியச் சாப்பாட்டை அந்தத் தூக்குவாளியில்தான் ஷெட்டுக்குக் கொண்டுபோகிறேன். இன்று செல்லத்தாயி அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தாள்.

"பேரு வெளிய தெரியிற மாதிரி வச்சிருக்கீங்க சார்."

"இருக்கட்டும்க்கா."

"யாரு பாக்கணும்னு?"

தூக்குவாளியைத் திருப்பி வைத்தேன். பிறகு அதுவும் தப்பாகப்பட்டது.

நவம்பர் 16

பத்து கிலோ பன்னீர் திராட்சை. மோட்டார் ரூமில் தனியாகப் பிசைந்தேன். நான்கு பேர் கைக்கு அரை மணி நேரத்தில் முடிகிற வேலை, இரண்டரை மணி நேரம் ஆனது. சர்க்கரை, கிராம்பு. கோதுமை ஒரு பிடி என்பது சூசையின் பிடி. என் பிடி சிறியது. ஒன்றரைப் பிடி போட்டேன்.

நவம்பர் 19

கிளறினேன்.

நவம்பர் 20

கிளறினேன். நுரை கட்டியிருக்கிறது. முன்பு இந்த நாளில் சூசை ஜாடியில் காதை வைத்து, "பேசுதுடா" என்பான். நான் வைத்துப் பார்த்தேன். சத்தம் வரத்தான் செய்தது.

நவம்பர் 28

ஹனீபா ஷெட்டுக்கு வந்தான். ஜாடி போட்டிருப்பதைச் சொன்னேன்.

"யாருக்குடா?"

"நாலு பேருக்கும்தான்."

"சூசை இந்த வருஷம் போடல. ஜாடியில ஊறுகா போட்டுட்டாங்க அந்தம்மா."

"நீ அவன்கிட்டச் சொல்லேன். நான் மன்னிப்புக் கேக்கத் தயார்னு."

"நான் என்னடா தபால்காரனா? கால் இருக்குல்ல? போ."

"என்ன சொல்லணும்?"

"அதையும் நானே சொல்லணுமா? வயித்துப் புண்ணுன்னு சொல்ல யாரு சொல்லிக் குடுத்தா?"

டிசம்பர் 8

வடித்தேன். நான்கு பாட்டில். நிறம், வாசனை, எல்லாம் சரியாக வந்திருக்கிறது. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

டிசம்பர் 24

முதலாளி ஷெட்டுக்கு லீவு விட மாட்டேன் என்றார். சத்தம் போட்டு அரை நாள் வாங்கினேன். பெண்கள் கலைந்து போகும்போது செல்லத்தாயி அக்கா குடத்தடியில் நின்றாள். டம்ளரை எடுத்தாள், கழுவினாள், கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். குடிக்கவில்லை.

டிசம்பர் 25

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அம்மா இட்லி வைத்தாள், வேண்டாம் என்றேன்.

ஒரு மணிக்குக் காலனிக்குப் போனேன். நான்கு பாட்டிலும் பையில். வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போது சுவரைப் பார்க்காமல் நடந்தேன். சூசை வீட்டு வாசலில் காகித நட்சத்திரம், பக்கத்தில் வைக்கோல் கூரை போட்ட குடில். கதவு விரியத் திறந்திருந்தது. பண்டிகை அன்று அந்தத் தெருவில் யாரும் கதவைச் சாத்துவதில்லை.

வெளியே கிடந்த செருப்புகளில் ஹனீபாவுடையது இருந்தது. கதிரேசனுடையதும் இருந்தது. அதன் பக்கத்தில் புதிதாக ஒரு பெண்ணின் செருப்பு.

உள்ளே தரையில் பாய். கதிரேசன் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான், பக்கத்தில் அவன் மனைவி. புஷ்பம் அம்மா அந்தப் பெண்ணின் தட்டில் ஈரல் வறுவலை வைத்தார். "போதும்மா, போதும்" என்று அவள் தட்டை மறைத்தாள். "புதுப்பொண்ணு சாப்பிடுற சாப்பாடா இது? கைய எடு" என்றார். ஹனீபா, "எனக்கு யாரும் இப்டிக் கெஞ்ச மாட்டேங்குறாங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சூசையும் சிரித்தான். ஒரு வருடத்தில் அந்தச் சிரிப்பை இப்போதுதான் கேட்டேன்.

அப்புறம் அவன் நிமிர்ந்தான். வாசலில் நிற்கும் என்னைப் பார்த்தான்.

சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. நான் பையைப் படியில் வைத்தேன். கண்ணாடி ஒன்றோடொன்று இடித்தது. மன்னிப்பு என்று ஆரம்பிக்கும் ஒரு பேச்சை மூன்று நாளாகத் தயார் செய்திருந்தேன். அதில் சமூகம் இருந்தது, பழக்கம் இருந்தது, என் வீடு இருந்தது. அதில் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை.

"சூசை" என்றேன். "எனக்குச் சோறு போடுறா."

கதிரேசன் தட்டைப் பார்த்தான். ஹனீபா சூசையைப் பார்த்தான். புஷ்பம் அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது, பிறகு குழம்புச் சட்டிக்குள் போனது. சூசை ஓர் இட்லியைப் பிய்த்தான், குழம்பில் தோய்த்தான், வாயில் போட்டு மென்றான். அவனுக்கு எதிரே பாயில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. அது எனக்காக விட்டதா, சும்மா இருந்ததா என்று தெரியவில்லை.

செருப்பைக் கழற்றினேன். படியைத் தாண்டவில்லை.

"பசிக்குதுடா சூசை. எனக்கும் ஒரு தட்டு வை."